தரைக்கடியில் ஒரு சிற்றலை

அண்ணி எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். செய்தித்தாளையும் அப்படித்தான், வாரப் பத்திரிகையையும் அப்படித்தான். டேட்டாஷீட் படித்துப் படித்து வந்த பழக்கம் அது.

டேட்டாஷீட் என்பது ஒரு மின்னணு உதிரிப்பாகத்தைப் பற்றி அதைச் செய்த கம்பெனியே எழுதிக் கொடுக்கும் தாள். எவ்வளவு மின்சாரம் உள்ளே போகலாம், எவ்வளவு வெளியே வரும், எவ்வளவு சூட்டைத் தாங்கும், எதைச் செய்தால் செத்துப்போகும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

"முதல் பக்கம் வீட்டுப் புரோக்கர் பேசுற பேச்சு. நல்ல காத்து, நல்ல வெளிச்சம், எந்நேரமும் தண்ணி," என்பார் அண்ணி. "கடைசிப் பக்கம் அதே வீட்ல குடியிருந்து காலி பண்ணிட்டுப் போறவங்க பேச்சு. நமக்கு யார் பேச்சு வேணும்?"

கடைசிப் பக்கத்து அடிக்குறிப்புகள் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருக்கும். அண்ணி மதியச் சாப்பாடு முடிந்த மேசையில், ஈரம் காயாத மரத்தின் மேல் தாளைப் பரப்பி, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டின் சத்தம் அதுதான். திரைச்சீலை மெல்ல உப்பும், அமுங்கும். அதற்குப் பின்னாலிருந்து அந்த முணுமுணுப்பு வரும்.

அவர் வேலை செய்த இடம் ஒரு டயர் கடைக்கு மேல் இருந்த மாடி. படியேறும்போதே ரப்பர் வாசனை கூடவே ஏறி வரும். அங்கே ஒரே ஒரு பொருளைத்தான் செய்தார்கள்: தெருவைக் கேட்கும் பெட்டி. நீளமான ஒரு கம்பியின் கீழே யானையின் பாதம் போல கனத்த உலோக அடி இருக்கும். அதைத் தரையில் ஊன்றி, தோளில் தொங்கும் பெட்டியை முடுக்கி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டால், நிலத்துக்கடியில் புதைந்த குழாய் எங்கே கசிகிறது என்று கேட்கும். குடிநீர் அலுவலகத்து ஆட்கள் போக்குவரத்து இல்லாத விடியற்காலைகளில் அதை ஊன்றி ஊன்றி நடப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெருவுக்கு நாடி பிடித்துக்கொண்டு போவது போல இருக்கும்.

அண்ணி அங்கே சேர்ந்தது போன் எடுப்பதற்கு. உதிரிப்பாகங்களின் எண்களை யாரோ சொல்வார்கள், இவர் எழுதிக்கொள்வார். எழுத்தும் எண்ணுமாக நீண்ட வால்கள். ஒருநாள் அந்த வால்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார். இது எத்தனை வாட், இது உள்ளே போகும் மின்னழுத்தம், இது வெளியே வருவது, கடைசி எழுத்து ஒற்றையா இரட்டையா. அதற்குப் பிறகு அவரால் எந்த எண்ணையும் வெறும் எண்ணாகப் பார்க்க முடியவில்லை. மெல்ல மெல்ல, வாங்கும் வேலை முழுவதும் அவர் கைக்கு வந்தது. அலுவலகத்தில் அவர் பெயர் 'பார்ட்ஸ் அக்கா' ஆயிற்று.

அவருடைய கைப்பையில் எப்போதும் நகப்பூச்சு அழிக்கும் மருந்து ஒரு குப்பியும் கொஞ்சம் பஞ்சும் இருக்கும். போலிப் பாகங்களில் அச்சடித்த பெயர் அந்த மருந்து பட்டால் கரைந்து வந்துவிடும்.

"நகத்துக்குப் பூசவே தெரியாதவளுக்கு அழிக்கிற மருந்து எதுக்கு?" என்பான் அண்ணன்.

"நிஜப் பேரா இருந்தா அழியாதுங்க. உங்களத்தான் ஒருநாள் தொடச்சுப் பாக்கணும்."

ஒரு கனவு அவருக்கு அடிக்கடி வரும். ஒரு நீண்ட தெரு. வீடுகளில் கதவு எண்ணுக்குப் பதில் பாகங்களின் எண். அண்ணி ஒவ்வொரு கதவாகத் தட்டி "இருக்கா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து, கதவைத் திறக்காமலே, மிகவும் மரியாதையாக, "ஸ்டாக் இல்லைங்க" என்று பதில் வரும்.

இது அப்பா தண்ணீரைக் கேட்கத் தொடங்கிய வருடம்.

அப்பா தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டியவர். தகரத் தாள் உள்ளே போகும், 'டக்' என்ற ஓர் அடியில் மூடியாக விழும். காலமெல்லாம் அந்த இயந்திரம் அவருக்கு இடது கைப்பக்கம் இருந்தது. ஓய்வு பெற்றபின் அவருக்கு வீட்டில் பிடித்தது மதியம்தான். எல்லோரும் அடங்கிய நேரத்தில், தன் அறையில், ஜன்னல் வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டிலிருந்து சுவருக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அப்படி ஒரு மதியம் எழுந்து வந்து, "அடியில தண்ணி ஓடுது," என்றார்.

அண்ணன் குழாய்க்காரரைக் கூட்டி வந்தான். அவர் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரின் முன் குந்தி உட்கார்ந்தார். முள் அசையவில்லை.

"உங்க பைப்பு தங்கம் சார். தெரு பைப்பு யார் வீட்டுக்கு அடியில போகுதுன்னு அதப் போட்டவனுக்கே தெரியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வாக்கியம் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. தண்ணீர் தினமும் ஓடியது. "இப்ப மெதுவா ஓடுது." "இன்னிக்கு வேகம் ஜாஸ்தி." நாங்கள் தரையில் காதை வைத்துப் பார்த்தோம். குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். ஒருநாள் அண்ணன் வேலையிலிருந்து வந்தபோது அப்பா ஒரு டைலைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்தச் சதுரத்தில் தெரிந்த சிமெண்டின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர். முகத்தில் ஒரு குழந்தையின் கவனம்.

அன்று சாப்பிடும்போது அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நகரத்துக்கு வெளிய ஒரு முதியோர் இல்லம் இருக்கு. டாக்டர் கூடவே இருக்காங்க. அவர் வயசுல பேச ஆளுங்க இருக்காங்க. வர்ற திங்கட்கிழமை கொண்டு விடுறேன்னு சொல்லிட்டேன்."

அண்ணன் கல்நெஞ்சக்காரன் இல்லை. பகலில் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அப்பா தரையைத் தோண்டிக் காலை முறித்துக்கொள்வார் என்ற பயம் அவனைத் தூங்கவிடவில்லை. தவிர, இல்லாததைக் கேட்பவரிடம் என்ன பேசுவது என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

"ஒரே ஒரு தடவ எங்க பெட்டிய இங்க கொண்டு வந்து கேட்டுப் பாத்துடலாங்க," என்றார் அண்ணி. "தண்ணி இல்லன்னா அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீ வாயத் தொறக்காம இருப்பேன்னா அதுக்காகவே கொண்டு வரலாம். எப்ப கொண்டு வருவ?"

அண்ணி தயங்கினார். "கன்வர்ட்டர் வரணும்."

பழைய பெட்டிகள் எல்லாம் ஊர் ஊராகப் போய்விட்டன. மாடியில் இருந்தவை புதிதாகச் செய்யப்படுபவை. அவற்றில் ஒரு பாகம் குறைந்தது. பெட்டிக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. ஆனால் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கும் சுற்றுக்கு, பூஜ்யத்துக்கு மேலே கொஞ்சம் மின்னழுத்தமும் பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் மின்னழுத்தமும் வேண்டும். ஒரு வீட்டுக்கு மேலே மாடியும் கீழே நிலவறையும் இருப்பது போல. பேட்டரியிலிருந்து இரண்டையும் உண்டாக்கித் தருவதுதான் கன்வர்ட்டர் மாட்யூல். தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புக் கட்டி. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். உடைத்தாலொழிய எதையும் பார்க்க முடியாது. தாளை நம்பித்தான் வாங்க வேண்டும். இதுவரை வாங்கிவந்த மாட்யூலை அதைச் செய்த கம்பெனி நிறுத்திவிட்டது.

அண்ணி அடுத்த இரண்டு நாளும் தாள்களுக்குள் இருந்தார். மாட்யூலின் கம்பிக் கால்களின் இடைவெளி ஒத்துப்போனால் மின்னழுத்தம் ஒத்துப்போகாது. இரண்டும் ஒத்துப்போனால், அடிக்குறிப்பு வந்து கையை விரிக்கும். ஒரு மாலை, ripple என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று என்னைக் கேட்டார். கன்வர்ட்டரிலிருந்து வரும் மின்சாரம் சமதளமாக வராது. அதன் மேல் ஒரு மெல்லிய நடுக்கம் இருக்கும். அதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

"சிற்றலை," என்றேன்.

"தண்ணியில வர்றதுக்கும் அதே பேருதானா?"

"அதேதான்."

"அப்ப சரியாத்தான் வச்சிருக்காங்க," என்றார். "தண்ணியோட சிற்றலையக் கேக்கணும்னா, கரண்டோட சிற்றலை வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும்."

கடைசியில், சிற்றலை மிகக் குறைவான ஒரு மாட்யூலைக் கண்டுபிடித்தார். அது யாரிடம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். 'லைன்ல இருங்க.' அது ஒரு ஆள். உதிரிப்பாக வியாபாரி. எதைக் கேட்டாலும் முதலில் "லைன்ல இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார் என்பதால் மாடியில் அவருக்கு அதுவே பெயர். பல வருடப் பழக்கம். ஆனால் அண்ணி அவரை நேரில் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் அலமாரி இழுபடும் சத்தமும், அட்டைப்பெட்டி உரசும் சத்தமும், தூரத்தில் ஒரு பறவையும்தான் அண்ணிக்குத் தெரிந்த அவருடைய கடை.

"லைன்ல இருங்க மேடம்... ஆங், இருக்கு. நம்பர் எல்லாம் சரி. கடைசி எழுத்து மட்டும் சொல்லுங்க."

"டி."

"பி-ங்களா?"

"டி அண்ணே. டீ, டீ."

"குடிக்கிற டீ-யா? அது வேற டீ ஆச்சே மேடம்."

"குடிக்கிறது இல்ல. டபுளுக்கு வர்ற டி."

அந்த நேரம் பார்த்து அண்ணியின் இன்னொரு போன் அடித்தது. வீட்டிலிருந்து நான்தான். "அப்பா ஸ்க்ரூடிரைவர் எங்கன்னு கேக்கறார். குடுக்கலாமா?"

"குடுக்காத!" என்று அந்தக் காதில் சொன்னார் அண்ணி.

இந்தக் காதில் வியாபாரி, "அப்ப டி. கன்ஃபார்ம் பண்ணிடவா?" என்றார்.

"எஸ், எஸ்," என்று சொல்லிவிட்டு அண்ணி வைத்துவிட்டார்.

நாம் 'ஆமாம்' என்பதை ஆங்கிலத்தில் சொன்னாலும் எஸ்தான். அந்த எழுத்தைச் சொன்னாலும் எஸ்தான். நம் நாக்குக்கு இரண்டும் ஒன்று. அந்த மாட்யூலைச் செய்யும் கம்பெனியின் எண்களிலோ, கடைசியில் டி வந்தால் இரட்டை வெளியீடு. எஸ் வந்தால் ஒற்றை.

மாட்யூல் பார்சல் வந்து சேர்ந்தபோது திங்கட்கிழமைக்கு முன் ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. மாடியில் சோதனை மேசையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு இளம் என்ஜினியர். எல்லோரும் அவரை 'டெஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரம் தொட்டதும் எரியும் டெஸ்டர் விளக்கைப் போல, எதற்கும் சட்டென்று பல்லைக் காட்டுவார் என்பதால். அவர் ஒரு மாட்யூலை மாட்டி, மீட்டரைப் பார்த்து, பல்லைக் காட்டினார்.

"அக்கா, வீடு வாங்கியிருக்கீங்க. மாடி இருக்கு. நிலவறையக் காணோம்."

அண்ணி கட்டியைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் எஸ். நகப்பூச்சு மருந்தை எடுத்துத் துடைத்தும் பார்த்தார். அழியவில்லை. உண்மையான எஸ்.

போனில் வியாபாரி உடைந்துபோனார். "நீங்கதான மேடம் எஸ்-ன்னு ரெண்டு தடவ சொன்னீங்க? ஒரு தடவ சொல்லியிருந்தாகூட நான் யோசிச்சிருப்பேன்."

"நான் ஆமான்னு சொன்னேன் அண்ணே!"

"ஆமான்னு சொல்றவங்க ஆமான்னு சொல்லணும் மேடம். டி இப்ப கையில இல்ல. வர மாசம் பாக்கலாம்."

அண்ணி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்ததாக டெஸ்டர் பிறகு சொன்னார். கீழே டயருக்குக் காற்று நிரப்பும் இயந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேசை மேல் கருப்புக் கட்டிகள் வரிசையாக, கதவு திறக்காத வீடுகளைப் போல. அண்ணிக்குத் தன் கனவின் தெரு ஞாபகம் வந்திருக்கிறது. இந்தத் தடவை எல்லாக் கதவும் திறந்தது. உள்ளே இருந்தவர்தான் வேறு ஆள்.

பிறகு தாளை எடுத்தார். கடைசிப் பக்கம். வாய்க்குள் முணுமுணுப்பு. ஒரு வரியில் நின்றார். உள்ளே போகும் மின்சாரமும் வெளியே வரும் மின்சாரமும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்று அந்த வரி சொன்னது. நடுவில் ஓர் இடைவெளி. காந்தத்தின் வழியாக மட்டுமே சக்தி அதைத் தாண்டுகிறது. ஆகவே, வெளியே வரும் மின்சாரத்துக்குத் தனக்கென்று ஒரு தரை கிடையாது. எங்கே வைக்கிறோமோ அதுதான் அதன் தரை.

"டெஸ்டர், இதுக்குத் தரையே இல்லன்னா, நாமளே ஒரு தரை குடுக்கலாம்ல?"

"ஒண்ணுமேல ஒண்ணு வைக்கலாம்னு சொல்றீங்களா?"

"ரெண்டும் சேர்ற எடத்த பூஜ்யம்னு வச்சுக்கிட்டா?"

"மேல இருக்கறது மாடி, கீழ இருக்கறது நிலவறை," என்றார் டெஸ்டர். "நானும் காலைலேர்ந்து அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

"யோசிச்சத வெளிய சொன்னா என்ன, முத்தா உதிர்ந்துடும்?"

இரண்டு ஒற்றைகளை அடுக்கி ஓர் இரட்டை செய்தார்கள். பெட்டியின் பக்கச் சுவரைக் கொஞ்சம் அறுக்க வேண்டியிருந்தது. மீட்டர் சரியாகக் காட்டியது. டெஸ்டர் உலோக அடியைத் தரையில் ஊன்றி, ஹெட்போனை அண்ணியிடம் கொடுத்தார்.

தொலைவில், ஏதோ ஒரு வீட்டில், கொதிக்கும் கெண்டி கூவுவது போல ஒரு மெல்லிய விசில். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அழகாகக்கூட இருந்தது என்றார் அண்ணி.

டெஸ்டர் அடியைத் தரையிலிருந்து தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். விசில் நிற்கவில்லை.

"அடியத் தூக்குன பிறகும் கேட்டா, அது தெருவுல இல்லக்கா," என்றார். "நம்ம பெட்டியே தன்னைத்தானே கேட்டுக்கிட்டிருக்கு."

காரணம் இதுதான். ஒவ்வொரு கட்டியும் தனக்குள் துடிக்கிறது, நம் காதுக்கு எட்டாத வேகத்தில். ஆனால் இரண்டின் வேகமும் மயிரிழை வித்தியாசப்படுகிறது. அந்த வித்தியாசம் மட்டும் காதுக்கு எட்டும் விசிலாகிறது. ஒரே அறையில் இரண்டு மின்விசிறிகள் சுற்றும்போது, எதிலிருந்தும் வராத ஒரு முனகல் நடுவில் எழுந்து எழுந்து அடங்குமே, அது போல. கடைசிப் பக்கத்தில் இதற்கு ஒரு படம் இருந்தது: ஒவ்வொரு கட்டியின் வாசலிலும் ஒரு சின்னக் கம்பிச்சுருளும் ஒரு கெபாசிட்டரும். ஒன்றின் துடிப்பு மற்றதன் காதில் விழாமல் அவை தடுக்கும். வைத்தார்கள். விசில் நின்றது.

"எவ்வளவு அமைதின்னா," என்றார் அண்ணி எங்களிடம், "கீழ டயர் கடையில யாரோ ஒரு நட்டக் கீழ போட்டாங்க, அது உருண்டு போய் எங்கயோ படுத்துக்கிச்சு. அது படுத்துக்கிட்டது வரைக்கும் கேட்டுச்சு."

ஞாயிறு காலை பெட்டி வீட்டுக்கு வந்தது. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் எங்கே போகப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. டைல் பெயர்ந்த சதுரத்தை மட்டும் தன் கையாலேயே சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்.

அண்ணி அடியை அந்தச் சதுரத்தின் மேல் ஊன்றினார். நாங்கள் வரிசையாகக் கேட்டோம். பக்கத்து வீட்டு மோட்டார் எங்கோ ஒரு வண்டைப் போல இருந்தது. தெருவில் நடந்தவரின் செருப்பு, அவர் கடந்துபோய் வெகுநேரம் கழித்தும் கேட்டது. சுவருக்குள் ஏதோ ஓர் ஆணி வெயிலில் நெளிந்தது. எங்கள் வீடு இவ்வளவு விஷயங்களை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பேசாமல் இருந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் இல்லை. அண்ணி அறையின் நான்கு மூலைகளிலும் ஊன்றினார். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய் ஊன்றினார். இல்லை.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினான். "நீங்களே கேளுங்கப்பா."

அப்பா மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். முகம் மெல்லத் தளர்ந்தது.

"ஓடுது," என்றார். "அதேதான். இப்ப நல்லாவே கேக்குது."

அண்ணி அடியைத் தரையிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"இப்ப மாமா?"

"ஓடுதும்மா."

அண்ணி பெட்டியின் சுவிட்சை அணைத்தார். சின்ன 'க்ளிக்'. பச்சை விளக்கு போய்விட்டது.

"இப்ப?"

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாளைக்கான பை அலமாரிக்குப் பக்கத்தில், மூடாமல், தயாராக இருந்தது.

அண்ணி மட்டும் மடியில் இருந்த உலோக அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை இப்படியும் அப்படியும் திருப்பினார், அதன் கடைசிப் பக்கம் எங்கே என்று தேடுவது போல.

"அடியத் தூக்குன பிறகும் கேட்டா தெருவுல இல்ல," என்று தனக்குள் சொன்னார். தவழ்ந்தே கட்டிலருகில் போனார். "மாமா, எந்தக் காதுல ஓடுது?"

அப்பா யோசித்தார். அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. முதலில் வலது காதின் மேல் கையை வைத்தார். பிறகு இடது காதின் மேல்.

"இந்தப் பக்கம்தான் ஜாஸ்தி," என்று இடது காதைத் தொட்டார்.

"பொத்துனா நிக்குதா?"

"எங்க நிக்குது? இன்னும் கிட்ட வருது."

"மிஷின் உங்களுக்கு எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு?"

அப்பாவின் இடது கை தானாக உயர்ந்து, காற்றில், இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்தது. அப்படியே நின்றது.

"அது காது மாமா," என்றார் அண்ணி. "தரையில ஒண்ணும் இல்ல. உங்க காது தன்னையே கேட்டுக்கிட்டிருக்கு. எங்க பெட்டியும் இப்படித்தான் விசிலடிச்சுது. அதுக்கு யாரும் பைத்தியம்னு பேர் வைக்கல."

அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பினான். "அப்ப தண்ணி இல்ல?"

"தண்ணி இல்லைங்க. ஆனா சத்தம் இருக்கு. அவருக்கு நிஜமாவே கேக்குது."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தாண்ட அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

அப்பாதான் முதலில் பேசினார். "அப்ப பைப்புக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல மாமா."

"நல்லவேளை. அந்த மூலை டைலையும் எடுக்கலாம்னு இருந்தேன்."

திங்கட்கிழமை அண்ணன் அப்பாவைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போனான். காது இரைச்சல் என்றார் மருத்துவர். வருடக்கணக்காக ஒரு பெருஞ்சத்தத்தின் பக்கத்தில் இருந்த காது, அந்தச் சத்தம் போன பிறகு, வெறுமையைப் பொறுக்காமல் தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. முழுக்க நிறுத்த முடியாது. முழு நிசப்தத்தில் இருக்க விடாதீர்கள், பக்கத்தில் மெல்லிய சத்தம் ஏதாவது இருக்கட்டும் என்றார். அப்பா வெளியே வந்து, "அதுக்கு ஒரு பேர் இருக்குடா," என்று அண்ணனிடம் இரண்டு முறை சொன்னாராம். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியரிடமும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை அண்ணன் வெள்ளைச் சிமெண்ட் குழைத்து அந்த டைலைத் திரும்பப் பதித்தான். ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. கையைக் கழுவாமலே, சிமெண்ட் விரலால், இல்லத்துக்குப் போன் செய்தான்.

"நாங்க வரல மேடம். அப்பா இங்கயே இருக்கட்டும்."

அந்தப் பக்கத்துக் குரல் வெளியே கேட்டது. "அப்ப உங்க இடத்த கேன்சல் பண்ணிடவா சார்?"

"எஸ்."

"எஸ்-ஸா? இருங்க சார், இனிஷியல் எஸ்-ல ஒருத்தர் இருக்கார், அவர்தானா..."

சமையலறையிலிருந்து கரண்டி விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே அண்ணியின் குரல்.

"ஆமான்னு சொல்லுங்க! ஏங்க, ஆமான்னு தமிழ்ல சொல்லுங்க!"

"ஆமா," என்றான் அண்ணன். ஒரு கணம் நிறுத்தி, யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னான். "ஆமாங்க. அவர் எங்கயும் வரல."

அப்பாவின் அறையில் இப்போது மின்விசிறி எப்போதும் மெதுவாகச் சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அண்ணி தன் தாள்களை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் பதிலாக அங்கே போய் உட்கார்கிறார். வாய்க்குள் படித்ததை இப்போது கொஞ்சம் சத்தமாகவே படிக்கிறார். உள்ளே இவ்வளவு, வெளியே இவ்வளவு, சூடு இவ்வளவு, சிற்றலை இவ்வளவு. அப்பாவுக்கு ஒரு சொல்லும் புரியாது. அவருக்குப் புரியவும் வேண்டாம்.

"ஓடுதா மாமா?" என்று நடுவில் கேட்பார்.

"நீ படிச்சா கொஞ்சம் தள்ளிப் போய் ஓடுது," என்பார் அப்பா கண்ணை மூடியபடி.

திரைச்சீலை உப்பும், அமுங்கும். வெளிச்சம் கால்மாட்டிலிருந்து சுவருக்கு நகரும். கடைசிப் பக்கத்தில் தொடங்கும் அண்ணி முதல் பக்கத்துக்கு, அந்த நல்ல காற்றும் நல்ல வெளிச்சமும் உள்ள பக்கத்துக்கு, வந்து சேருமுன் அப்பா தூங்கிவிடுவார்.